டொயோட்டா 86: 17இலிருந்து 18 அங்குல ரிம்முக்குப் போனா எந்த டயர் அளவு?

கல்லடிப் பாலம்:

வாகனம் டொயோட்டா 86, இசட்என்6, 2013. கொம்பனி ரிம் 17×7ஜே (விட்டம் 17, அகலம் 7 அங்குலம்), ஓஃப்செட் +48. டயர் 215/45 ஆர்17 87டபிள்யூ. சஸ்பென்ஷன்ல கை வைக்கல்ல, உயரம் கொம்பனி உயரம்தான்.

18 அங்குலம் போட யோசிக்கிறன். டயர் கடையில 215/40, 225/40, 235/40 மூணையும் சொல்லி "எல்லாம் அடிக்கும் (பொருந்தும்)" என்றாங்க. பாவிச்ச ரிம் ரெண்டு செட் இருக்கு:

அ) 18×8ஜே, +45, 5×100 (அஞ்சு நட் ஓட்டை, அந்த ஓட்டை வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர்), நடு ஓட்டை 73.1
ஆ) 18×8.5ஜே, +35, 5×114.3. அடப்டர் போட்டுத் தருவாங்களாம்.

ஓட்டம் கூடுதலா மட்டக்களப்பு–கல்முனை. மாசத்தில ரெண்டு தரம் கொழும்பு. மாரியிலயும் நிப்பாட்டாம ஓடும். எந்த ரிம், எந்த டயர்? கணக்கோட சொன்னா நல்லம்.

வாவிக்கரை:

கடைக்காரர் "அடிக்கும்" என்றது ரிம்முக்கு அடிக்கும் என்ற கதை. வாகனத்துக்கு அடிக்குமா என்றது வேற கேள்வி.

முதல்ல முழு விட்டம். டயர் அகலத்தை (215/45இல 215) நூற்றுவீதத்தால (45) பெருக்கினா பக்கச்சுவர் உயரம் வரும். அதை ரெண்டால பெருக்கி, ரிம் அங்குலத்தை 25.4ஆல பெருக்கிக் கூட்டுங்க.

உங்கட பழைய டயர்: 215 × 0.45 = 96.75. ரெண்டு பக்கமும் 193.5. அதோட 17 × 25.4 = 431.8. மொத்தம் 625.3 மில்லிமீட்டர். இனி 18இல:

215/40 = 629.2, கூடுதல் 0.6%
225/40 = 637.2, கூடுதல் 1.9%
235/40 = 645.2, கூடுதல் 3.2%

மீட்டர்ல 100 காட்டக்குள்ள பழைய டயரோட ஒப்பிட்டா முறையே 100.6, 101.9, 103.2 ஓடுவீங்க. 2%க்குள்ள நிண்டா கியர் இழுவையிலயும் ஏபிஎஸ் (பிரேக்கில வீல் பூட்டாமக் காக்கிறது), வீஎஸ்சி (வாகனம் வழுக்காமக் காக்கிறது) கணக்கிலயும் பெரிய வித்தியாசம் தெரியாது. 235/40ஐ விடுங்க. ஆரையே 10 மில்லிமீட்டர் கூடுது, ஸ்டியரிங்கை முழுக்க வெட்டக்குள்ள முன் ஃபெண்டருக்கு உள்ள இருக்கிற பிளாஸ்டிக் லைனர்ல உரசும்.

ரெண்டாவது ரிம் அகலம். 215/40க்கு 7 தொடக்கம் 8.5ஜே வரை, 225/40க்கு 7.5 தொடக்கம் 9ஜே வரை போகலாம். 8ஜே ரிம்முக்கு ரெண்டும் இருக்கும். 215 கொஞ்சம் இழுபட்டு நிக்கும், அதால ரிம் விளிம்பைக் காக்கிற ரப்பர் உதடு குறையும். 225 நேரா நிக்கும்.

இனிதான் கன பேர் பிழைக்கிற இடம், ஓஃப்செட். ரிம்முக்கு நடுவில ஒரு கோடு கீறுங்க. ஹப்பில பொருந்துற முகம் அந்தக் கோட்டிலிருந்து தெருப்பக்கமா எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கோ அதுதான் +45, +48. எண் குறையக் குறைய வீல் வெளிய வரும்.

பழைய 7ஜே = 177.8, பாதி 88.9. உள்ளுக்கு 88.9 + 48 = 136.9. வெளிய 88.9 − 48 = 40.9.
அ செட் 8ஜே = 203.2, பாதி 101.6. உள்ளுக்கு 146.6. வெளிய 56.6.

அப்ப ரிம் உள்ளுக்கு 9.7, வெளிய 15.7 மில்லிமீட்டர் கூடுது. பார்த்துப் பயப்படாதீங்க, டயர் அந்தளவு நகராது. 215/45 ஆர்17, 7ஜே ரிம்மில ஏறினா 213 வரும். 225/40 ஆர்18, 8ஜே ரிம்மில 230 அளவுக்கு வரும். ஓஃப்செட்டையும் சேர்த்துப் பார்த்தா டயர் உள்ளுக்கு 5.5, வெளிய 11.5 மட்டும்தான் போகுது. கொம்பனி உயரத்தில இது உள்ளுக்க அடங்கும்.

எண்டாலும் வாங்க முதல் பாருங்க. இப்ப இருக்கிற டயரின் உள்பக்கத்துக்கும் முன் ஷொக்குக்கும் நடுவில 10 மில்லிமீட்டர் ஆலன் கீயைத் தடையில்லாம விட ஏலுமா? ஏலும் என்றா 5.5 போக 4.5 மிஞ்சும், போதும். வெளிப்பக்கத்துக்கு ஃபெண்டர் விளிம்பில நூலில ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை அளவுங்க.

அக்கரைப்பற்று காக்கா:

வாவிக்கரை சொன்ன கணக்கு சரி. நான் ஆ செட்டைப் பத்திச் சொல்றன், அதைத் தொடவே வேணாம்.

அடப்டர் ஆகக் குறைஞ்சது 15, 20 மில்லிமீட்டர் தடிப்பு வேணும், இல்லாட்டி ஹப் ஸ்டட் நுனி ரிம்மில முட்டும். 20 போட்டா +35 என்றது +15 ஆகும். 8.5ஜே பாதி 107.95. அதில 15 கழிச்சா 93. பழசைவிட வெளிய 52 மில்லிமீட்டர்! ஃபெண்டரைத் தாண்டி நிக்கும். குழியில விழக்குள்ள விளிம்பு டயரை வெட்டும். பேரிங்கில வாற நெம்பு கூடும், ஸ்டியரிங் வாய்க்கால், பள்ளம் எல்லாத்தையும் தேடிப் போகும்.

அ செட்டை எடுக்கக்குள்ள எழுத்தை நம்பாம அளந்து பாருங்க. அஞ்சு ஓட்டை ரிம்மில பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் நடுவுக்கு நடு 58.8 மில்லிமீட்டர் என்றா 5×100. 67.2 என்றா 5×114.3. ஓஃப்செட் அழிஞ்சிருந்தா ரிம்மைக் கவிழ்த்து, உள் விளிம்புக்கு மேல நேர்க்கட்டை வச்சு, ஹப் முகம் வரை ஆழம் அளவுங்க. 8ஜே ரிம் விளிம்போட சேர்த்து 228 அளவு வரும், பாதி 114. ஆழம் 159 வந்தா +45.

நடு ஓட்டை: உங்கட ஹப் 56.1, ரிம் 73.1. நடுவில 73.1–56.1 வளையம் நாலு வேணும். அது பாரம் தாங்கிற சாமான் இல்ல, ரிம்மை நடுவில நிப்பாட்டத்தான். போடாட்டி எவ்வளவு பலன்ஸ் பண்ணினாலும் 80, 100இல ஸ்டியரிங் நடுங்கலாம். கல்லடி என்றா கடல் காத்து, அலுமினிய வளையம் உப்புப் பிடிச்சு ஹப்போட ஒட்டிக்கொள்ளும். தெரு ஓட்டத்துக்கு பிளாஸ்டிக் வளையமே போதும்.

நட்: 86க்கு எம்12×1.25 (ஸ்டட் தடிப்பு 12, புரி இடைவெளி 1.25 மில்லிமீட்டர்). டொயோட்டா என்று சொன்னா கவுண்டர்ல 1.5 நட்டைத் தூக்கித் தருவாங்க, மத்த டொயோட்டா கார் கனத்துக்கு அதுதான். 86இன் ஹப் சுபாரு வழி, புரி வேற. வாங்க முதல் சொல்லிக் கேளுங்க. புது ரிம்மில நட் இருக்கை 60 பாகை கூம்பா, உருண்டையா என்றும் பாருங்க. ஹொண்டா கொம்பனி ரிம் நட் உருண்டை. கூம்பு இருக்கையில அதைப் போட்டா கோடு மாதிரி ஒரு வட்டம் மட்டும்தான் பிடிக்கும், பிறகு இளகும்.

கையால நட் ஆகக் குறைஞ்சது 10 முழுச் சுத்து ஏறணும். நட்சத்திர ஒழுங்கில டோர்க் ரென்சால 120 நியூட்டன் மீட்டர். 50–100 கிலோமீட்டர் ஓடின பிறகு திரும்ப ஒருக்கா. ஏர் கன்னால மட்டும் இறுக்கி அனுப்ப விடாதீங்க.

கல்லடிப் பாலம்:

நன்றி காக்கா, ஆ செட் வேணாம் என்று சொல்லிட்டன். அ செட்டில ஓட்டை 58.8 வருது. இனி 215/40ஆ 225/40ஆ என்றதுதான். 215/40 விட்டத்தில கிட்ட நிக்குதே? இசட்என்8க்கு (அடுத்த தலைமுறை 86) கொம்பனியே 18இல அதைத்தானே போட்டிருக்கு?

வாவிக்கரை:

போட்டிருக்கு, ஆனா 7.5ஜே ரிம்மில. உங்கட ரிம் 8ஜே. அதோட பக்கச்சுவரைப் பாருங்க: பழசு 96.75, 225/40 என்றா 90, 215/40 என்றா 86. குழிக்குள்ள ரிம்மைக் காக்கிறது அந்த உயரம்தான். கல்முனைப் பக்கம் ஓடுற வாகனத்துக்கு 4 மில்லிமீட்டர் சின்ன விஷயமில்ல.

பாரக் குறியீடும் பாருங்க. பழசு 87, அதாவது ஒரு டயருக்கு 545 கிலோ. 225/40 ஆர்18 கூடுதலா 92 எக்ஸ்எல் (கூடப் பாரம் தாங்கிற வகை) ஆக வரும், 630 கிலோ. 215/40இல 85உம் 89 எக்ஸ்எல்உம் உண்டு. எடுக்கிறதா இருந்தா 89.

காத்து விஷயத்தில ஒரு நுணுக்கம். எக்ஸ்எல் டயர் தன் முழுப் பாரத்தைத் தூக்கிறது 42 பிஎஸ்ஐயில, சாதாரண டயர் 36இல. கதவோரத் தாள்ல 35 என்றிருக்கு. அந்த 35இல பழைய டயர் தூக்கின பாரத்தை 215/40 89 எக்ஸ்எல் தூக்க 37, 38 வேணும். 225/40 92க்கு 34இலயே வந்திடும், அதால 35ஐ அப்படியே வைக்கலாம். எல்லாம் குளிர்ந்த டயர்ல, காலையில பார்க்கிற அளவு. மத்தியான வெயில்ல ஓடி வந்து பார்த்து, கூடிட்டுது என்று காத்தை இறக்காதீங்க.

வேகக் குறியீடு (பாரக் குறியீட்டுக்குப் பின்னால வாற எழுத்து) டபிள்யூ அல்லது வை. மலிவு என்று எச் எடுக்க வேணாம்.

செங்கலடிச் சந்தி:

இடையில வாறன், மன்னிக்கணும். 18 ஏன்? பார்வைக்கு என்றா சரி, கேள்வியில்ல. ஓட்டத்துக்கு என்றா 17×7.5ஜே அல்லது 8ஜே +45இல 225/45 ஆர்17 போடுங்க. விட்டம் 634.3, கூடுதல் 1.4%. பக்கச்சுவர் 101, பழசைவிட உயரம். ஒரே மாதிரி ரிம்மில 17 பாரம் குறைவு, டயர் விலையும் குறைவு.

மாரியில அகல டயர் தண்ணியில மிதக்கப் பார்க்கும். 18ஓ 17ஓ, நடு வாய்க்கால் ஆழமான டயரா எடுங்க. வாய்க்காலுக்குள்ள இருக்கிற 1.6 மில்லிமீட்டர் அடையாளக் கட்டை வரை தேயக் காத்திருக்காம 3க்கு வந்தா மாத்துங்க. பந்தயத் திடல் டயரை, அதுதான் வாய்க்கால் இல்லாத அரை வழுக்கை, கார்த்திகை மார்கழியில இந்தப் பக்கம் ஓட்டினா வாகனம் வாவிக்குத்தான் போகும்.

ஜப்பான் பாவிச்ச டயர் எடுத்தா டிஓடி என்று தொடங்கிற எழுத்து வரிசையின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க. 2219 என்றா 2019ஆம் ஆண்டு 22ஆவது கிழமை. வாய்க்கால் புதுசு மாதிரி இருந்தாலும் ரப்பர் காஞ்சிருந்தா ஈரத்தில பிடிக்காது.

வாவிக்கரை:

செங்கலடி சொல்றதில நியாயம் இருக்கு. என்னைக் கேட்டாலும் 17தான். ஆனா அவர் 18 என்று முடிவெடுத்துட்டார், அப்ப 225/40.

ஒண்டு விட்டுட்டன்: பின்னுக்கு மட்டும் அகலமாப் போட வேணாம். 86 நாலும் ஒரே அளவில வாற வாகனம். முன் 225/40, பின் 245/35 என்றா விட்டம் 637.2, 628.7. முன்பின் 1.3% பிசகுது, டயரைச் சுழற்சி மாத்தவும் ஏலாது.

எல்எஸ்டி (பின் வீல் ரெண்டும் வேற வேற வேகத்தில சுத்திறதைக் கட்டுப்படுத்திற டிஃப்) உள்ள வாகனம் என்றா சின்ன ஸ்பெயர் வீலைப் பின்னுக்குப் போட்டு நீள ஓட வேணாம், டிஃப் சூடாகும். பின் டயர் பஞ்சர் என்றா முன் வீலைப் பின்னுக்கு மாத்தி, ஸ்பெயரை முன்னுக்குப் போடுங்க.

வாழைச்சேனை ரோட்டரி:

இதே இழையில கேட்கலாம் தானே. மஸ்டா ஆர்எக்ஸ்-8, கொம்பனி 18×8ஜே +50, 225/45 ஆர்18. 19க்கு?

அக்கரைப்பற்று காக்கா:

225/40 ஆர்19. 659.7க்கு 662.6, 0.4%தான் கூடும். உங்கட ஹப் 5×114.3, நடு 67.1, நட் எம்12×1.5. 86க்குச் சொன்ன நட்டை எடுத்திடாதீங்க.

கல்லடிப் பாலம்:

225/40, 92 வை குறியீட்டு டயர் எடுத்தாச்சு. 10 மில்லிமீட்டர் ஆலன் கீ முன்னுக்குத் தாராளமாப் போகுது. கடை தந்த நட் ஒண்டைக் கையால விட்டுப் பார்த்தன், மூணு சுத்தில இறுகுது. சாவி (ஸ்பனர்) போட்டா போகும் போல.

அக்கரைப்பற்று காக்கா:

போடாதீங்க. அது 1.5 நட். சாவி போட்டா போகும்தான், ஸ்டட் புரியையும் கொண்டு போகும். கையாலயே பின்னுக்குக் கழட்டி, நுனிப் புரியை நகத்தால தடவிப் பாருங்க. நசுங்கல் இருந்தா 12×1.25 டை (புரி வெட்டிற ஆயுதம்) விட்டுத் துப்புரவாக்கலாம். புரி வெட்டுப்பட்டிருந்தா அந்த ஸ்டட்டை மாத்திட்டு ரிம்மை ஏத்துங்க. ஏத்த முதல் ஹப் முகத்தில உள்ள துருவைக் கம்பித் தூரிகையால எடுத்து, நடு உதட்டில மட்டும் மெல்லிசாக் கிரீஸ் தடவுங்க. ஸ்டட்டில கிரீஸ் படக்கூடாது, பட்டா அதே 120இலயே அளவுக்கு மிஞ்சி இறுகும்.

வாவிக்கரை:

ஏத்தின பிறகு முன் வீல் ரெண்டையும் முழுக்க வெட்டி, ஒரு பக்கம் ஜக்கால தூக்கி மறு பக்கத்தை அமுக்க விட்டு லைனரைப் பாருங்க. பிறகு பின் சீட்டில ரெண்டு பேரை ஏத்தி வேகத்தடை ஒண்டில மெதுவா ஏறி இறங்குங்க. உரசினா ஃபெண்டர் உள்பக்கத்தில பளபளப்பா ஒரு கோடு விழும். ரிம் மாத்தினதால அலைன்மென்ட் மாறாது, ஆனா பழைய டயர் ஒரு பக்கமாத் தேய்ஞ்சிருந்தா புதுசை ஓட்ட முதல் அதைச் சரி பண்ணுங்க.