லடாக்கில் இருக்கும் லே நகருக்குப் போக எந்த பைக்? ஹிமாலயன் 411-ஆ, எக்ஸ்பல்ஸ் 200-ஆ?

அம்பைக்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வரும் ஜூலையில் கன்னியாகுமரியில் கிளம்பி ஸ்ரீநகர் வழியாக லேக்குத் தனியாகப் போகிறேன், மணாலி வழியாகத் திரும்பல். ('ஏலே' என்று கூப்பிட்டே வளர்ந்தவன் லேக்கே போகிறான் என்று வீட்டில் சிரித்து முடித்தாயிற்று.) பழைய வண்டிதான் வாங்க முடியும். என் உயரம் 5 அடி 4. ஹிமாலயன் 411-ல் சீட் 800 மி.மீ., கால் ஊன்றுகிறது. எக்ஸ்பல்ஸ் 4வி (நாலு வால்வு மாடல்) 825, குதிகால் தூக்கிக்கொள்கிறது. அதோடு அது வெறும் 200 சிசி. மலையில் இழுக்குமா?

பாளை பைபாஸ்:
இழுக்கும் தம்பி. லேக்குப் பக்கத்துக் கணவாய் கர்துங் லா 17,500 அடிக்கு மேல். அங்கே காற்றழுத்தம் நம்மூரில் இருப்பதில் பாதிதான். எந்த வண்டிக்கும் சக்தி பாதிக்குப் பக்கம் இறங்கிவிடும். எஃப்ஐ (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டி காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைத்துத் திணறாமல் ஓடும், போன சக்தியைத் திருப்பித் தராது. முதல் கியரில் ஊர்ந்து ஏறிவிடலாம். மலையை விட நாலுவழிச் சாலைதான் சோதனை: தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஸ்ரீநகர் வரை 3,700 கி.மீ. சொச்சம். அதில் 411 சொகுசு. 200 சிசியை 75-80-ல் பிடித்துப் பொறுமையாகப் போகணும்.

தேரிக்காட்டான்:
சிசியை விடுங்க. கீழே விழுந்தால் தனியாகத் தூக்க முடியுமா? 411 கிட்டத்தட்ட 200 கிலோ, எக்ஸ்பல்ஸ் 160 பக்கம். மாஞ்சோலை ஏற்றத்தில் ஈரக் கல் வழுக்கி என் கனத்த வண்டி சாய்ந்தது. ஊத்து எஸ்டேட்டுக்குப் போகிற பஸ் வந்து கண்டக்டர் இறங்கிக் கை கொடுக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நண்பர்கள் வண்டியை வாங்கி, டேங்க் நிரப்பி, பின்னால் 20 கிலோ அரிசிப்பை கட்டி, செம்மணலில் படுக்கப் போட்டுத் தூக்கிப் பாருங்க. வலது பக்கம் சாய்ந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை இழுத்துவிடணும், இல்லாவிட்டால் மறுபக்கம் போய் விழும். கியரில் போட்டு, முதுகைச் சீட்டில் கொடுத்து, காலால் உந்தணும்.

அம்பைக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை திசையன்விளைப் பக்கம் செம்மணலில் போய்த் தூக்கிப் பார்த்தேன். 411 பாதி எழும்பி மறுபடி படுத்துவிட்டது. மூன்று தடவை. எக்ஸ்பல்ஸ் இரண்டாவது தடவையே நின்றது. சரி, அதுதான். ஆனால் குதிகால்? 13 லிட்டர் டேங்க் போதுமா?

பாளை பைபாஸ்:
நிறுத்தும்போது ஒரு பக்கம் நகர்ந்து இடது காலை மட்டும் முழுசாக ஊன்று, போதும். திரும்பும்போது லேயில் டேங்கை நிரப்பிவிடு. மணாலி வழியில் அந்தக் கோடியில் இருக்கும் தண்டி ஊர் பங்கிலேயே, லே பக்கம் போகிறவர்களுக்கு 'அடுத்த பங்க் 365 கி.மீ.' என்று பலகை உண்டு. லிட்டருக்கு 35 கி.மீ. கொடுத்தால் தாண்டிவிடும், ஆனால் முதல் கியரில் ஊர்ந்தால் அது வராது. 5 லிட்டர் கேன் ஒன்று கட்டிக்கொள்.

தேரிக்காட்டான்:
அப்புறம், ஸ்போக்ஸ் சக்கரம், உள்ளே ட்யூப். பஞ்சர் கடையில் ஒரு நாள் உட்கார்ந்து கழற்றி மாட்டப் பழகிடுங்க. முன்சக்கரத்து 21 இன்ச் ட்யூப் ஒன்று மட்டும் எடுத்தால் போதும். அவசரத்துக்கு 18 இன்ச் பின்சக்கரத்திலும் அதைத் திணித்து மெதுவாக அடுத்த ஊர் சேரலாம்.