ஷான்டல் ஆக்கர்மானின் 24 டிவிகளை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

நண்பர்களே, ஒரு உதவி. பெல்ஜிய சினிமா இயக்குநர் ஷான்டல் ஆக்கர்மான் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 2024ல் பிரஸ்ஸல்ஸ் போசார் கலை மையத்திலும் அப்புறம் பாரிஸ் ஜூ தெ போம் காட்சிக்கூடத்திலும் அவருக்குப் பெரிய கண்காட்சி நடந்ததே, அதற்குப் போனவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

எனக்கு முக்கியமாக வேண்டியது 'தெஸ்ட்' பற்றி. 1993ல் வந்த படம், கிழக்கு ஐரோப்பாவில் பனியில் கனத்த கோட்டும் தொப்பியுமாக வரிசையில் நிற்கிறவர்களைக் கேமரா பக்கவாட்டில் மெதுவாகக் கடந்துபோய்க்கொண்டே இருக்கும், விளக்கக் குரல் கிடையாது, சிலர் நிமிர்ந்து நம்மையே முறைப்பார்கள். அதையே 1995ல் மும்மூன்றாக 24 டிவிகளில் பிரித்து, பார்வையாளர் நடுவே நடந்து பார்க்கிற மாதிரி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார். படத்தில் காத்திருப்பதே விஷயம். நடந்துகொண்டே பார்த்தால் அந்தக் காத்திருப்பு என்ன ஆகிறது?

பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் என்றில்லை, வேறு எந்த ஊரில் பார்த்திருந்தாலும் சரி, டிவிகள் எந்த உயரத்தில் இருந்தன, ஒன்றின் சத்தம் இன்னொன்றோடு கலந்ததா, உட்கார இடம் இருந்ததா என்று நினைவில் இருப்பதை எழுதுங்கள். தியேட்டரில் முழுப் படத்தையும் பார்த்தவர் என்றால் இரண்டையும் ஒப்பிட்டுச் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.