தினசரிக் குளியலும் 2.8 லிட்டர் தண்ணீரும்

தெளிநீர்: "தினமும் குளிப்பது காலாவதியான பழக்கம், ஸ்கைலாப் வீரர்கள் 2.8 லிட்டரிலேயே குளித்து முடித்தார்கள், மீதியைத் தொழில்நுட்பம் பார்த்துக்கொள்ளும்" என்று நாளையன் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. 1973இல் அந்த விண்வெளி நிலையத்தில் குளியல் எப்படி நடந்தது என்பதையும் அவர் சொல்லியிருக்க வேண்டும். தரையோடு மடிந்து கிடந்த துணி உறையைத் தலைக்கு மேல் இழுத்து மாட்டி, கைத்தெளிப்பானால் உடம்பை நனைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, எடையின்மையால் கீழே வடியாமல் தோலிலேயே ஒட்டிக்கொண்ட நீரை உறிஞ்சுகுழாயால் இழுத்தெடுத்தார்கள். இத்தனையும் முடிய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த வாய்ப்பும் வாரத்துக்கு ஒரு முறைதான். இதை வீட்டுக் குளியலறைக்கு அளவுகோலாக வைப்பது நியாயமே இல்லை.

நாளையன்: நான் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை, தண்ணீரைப் பற்றிப் பேசினேன். 2.8 லிட்டர் போதும் என்பது நடந்து காட்டிய உண்மை. நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டும் ஷவரின் கீழ் பத்து நிமிடம் நின்றால் 90 லிட்டர் போகிறது. அதன் வெப்பநிலையை 20 பாகை உயர்த்துவதற்கு மட்டும் ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம் செலவாகிறது. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் சான்யோ வைத்த மனிதச் சலவை இயந்திரம், அதே நகரின் 2025 கண்காட்சியில் புது வடிவில் வந்து, 15 நிமிடத்தில் ஆளைக் கழுவி உலர்த்தியே அனுப்பியது. எதிர்காலம் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

தெளிநீர்: 1970இல் காட்டியதை 2025இலும் காட்சிப்பொருளாகவே காட்ட வேண்டியிருந்தது என்பதிலேயே அந்த எதிர்காலத்தின் வேகம் தெரிகிறது. உள்ளே உட்கார்ந்தவரின் இதயத்துடிப்பை அளந்து, அதற்கேற்பப் படம் காட்டும் அந்தக் கூண்டு செலவிடும் நேரத்தில் நான் குளித்து, உடுத்தி, வேலைக்கே கிளம்பிவிடுவேன். ஒரு வாளி தண்ணீரும் ஒரு குவளையும் இருந்தால் 90 லிட்டர் ஏன் செலவாகிறது? மறுபடியும் சொல்கிறேன்: அந்த 2.8 லிட்டர் எடையின்மைக்கான கணக்கு, நமக்கான கணக்கு அன்று.

மென்தோல்: இருவரும் தோலை மறந்துவிட்டீர்கள். தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது. அமிலமா காரமா என்பதைக் காட்டும் அதன் பிஎச் அளவு 5ஐ ஒட்டி இருக்கும். வழக்கமான சோப்புக்கோ அது 9 முதல் 10 வரை, அதாவது காரத்தன்மை. தினமும் உடல் முழுவதும் சோப்புத் தேய்த்தால் இயற்கையான எண்ணெய்ப்பசை கழுவப்பட்டு, முதலில் முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு, வெள்ளைக் கோடுகளாக வெடித்து, அரிக்கத் தொடங்கும். அக்குளில் சுரக்கும் வியர்வைக்குத் தனியே நாற்றமில்லை. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. ஆகவே அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்குச் சோப்பும் மற்ற இடங்களுக்கு வெறும் நீரும் போதும்.

நாளையன்: நன்றாகச் சொன்னீர்கள். டேவிட் விட்லாக் என்ற வேதிப்பொறியாளர், அம்மோனியாவை உண்ணும் நுண்ணுயிரிகளைத் தோலில் தெளித்துக்கொண்டு பத்தாண்டுக்கு மேல் குளிக்காமலே இருந்தார். அந்த எண்ணம் ஒரு நிறுவனமாகவே வளர்ந்தது.

மென்தோல்: குளிக்க வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? என் வாயில் சொற்களைத் திணிக்காதீர்கள்.

தெளிநீர்: இது நாளையனின் பழைய வழக்கம்தான். உறக்கத்தை அளக்கும் கைக்கடிகாரம் பற்றிய விவாதத்திலும் நான் சொல்லாததை என் பெயரில் எழுதினார். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. போகட்டும். 2.8 லிட்டர் அவ்வளவு சிறந்த ஏற்பாடென்றால், பிறகு வந்த பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஷவரே வைக்காதது ஏன்? அங்கே ஈரத்துணியால் உடம்பைத் துடைக்கிறார்கள். அலசத் தேவையில்லாத ஷாம்பூவைத் தலையில் தேய்க்கிறார்கள். சிறுநீரையும் வியர்வையையும் சேர்த்து 98 விழுக்காடு நீரை மீட்கும் நிலையை 2023இல் எட்டிய பிறகும் அவர்கள் அந்தத் துணி உறைக்குத் திரும்பவில்லை.

நாளையன்: திரும்பாததற்குக் காரணம் இடமும் நேரமும், தண்ணீர் போதாமை அன்று. 2.8 லிட்டரில் குளித்தார்கள் என்பதை நீங்கள் இதுவரை மறுக்கவே இல்லை. கைக்கடிகார விவாதத்தில் நான் எதைத் திரித்தேன் என்று முதலில் எடுத்துக் காட்டுங்கள்.

தெளிநீர்: காட்டுகிறேன், அந்த இழையிலேயே காட்டுகிறேன். இங்கே நீங்கள் விடை சொல்ல வேண்டியது எடையின்மைக்கு.