ஊர் நடுவே பூட்டிக் கிடக்கும் கட்டடங்களுக்கு அரசு அலுவலகங்களை மாற்றலாமா?

கேள்வி: சென்னையில் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. வாடகைக் கட்டடத்தில் இருக்கும் அரசு அலுவலகங்களை அங்கே கொண்டுவந்தால் என்ன?

பதில் 1: தாராளமாகச் செய்யலாம். சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 தீ விபத்தில் பாழானது, அதைச் சீரமைத்த பிறகு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கேதான் வந்தது.

பதில் 2: சரி, ஆனால் முதலில் லிஃப்ட், சாய்தளம் வேண்டும். ஓய்வூதிய வேலையாக ஒரு பழைய அலுவலகத்துக்குப் போன என் அம்மா பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பதில் 3: ஓமந்தூரார் தோட்டத்தில் 2010-இல் தலைமைச் செயலகத்துக்கென்று திறந்த கட்டடமே 2014-இல் மருத்துவமனையாகிவிட்டதே, அலுவலகமாக மாற்றுவதா கஷ்டம்? அப்புறம், ரயிலில் இறங்கி நடக்கிற தூரத்தில் அலுவலகம் இருந்தால் வெளியூர்க்காரர்களுக்கு ஆட்டோ செலவு மிச்சம்.