தைராய்டோடு கொழுப்பு மாத்திரையும் போடுகிறேன், தொடை உளைச்சல் தாங்க முடியவில்லை

திருமங்கலம் தையல்காரி:
வயது 51. தைராய்டுக்கு 9 வருடமாக 75 மைக்ரோகிராம் மாத்திரை. கெட்ட கொழுப்பான எல்டிஎல் 178 என்று வந்ததால் இரண்டு மாதத்துக்கு முன் அட்டர்வாஸ்டாட்டின் 20 என்ற கொழுப்பு மாத்திரை எழுதினார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு தொடையும் உளைச்சல். அரை மணி நேரம் மெஷின் மிதித்தால் கால் கல்லாகிவிடுகிறது. தரையில் உட்கார்ந்து துணி வெட்டினால் கையூன்றாமல் எழ முடிவதில்லை. மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஏற மகள் கை கொடுக்கிறாள். வீட்டில் 'வயசாகுதுல்ல' என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

மேலூர்க்காரி:
அக்கா, நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் அடுத்த செக்கப் வரை பொறுக்கவும் வேண்டாம், நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். எனக்கும் இதேதான். ராத்திரி ஆடுசதை பிடித்து இழுத்து அழுதிருக்கிறேன். ரத்தம் பார்த்தால் டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ஏறுவது) 38, சிபிகே (தசை பாதித்தால் ஏறுவது) 900க்கு மேல். டாக்டர் கொழுப்பு மாத்திரையை நிறுத்திவைத்து, தைராய்டு மாத்திரையைக் கூட்டினார். மூன்று மாதத்தில் வலி போனது, எல்டிஎல்லும் தானாகவே நன்றாக இறங்கியது. அப்புறம் குறைந்த அளவில் ரோசுவாஸ்டாட்டின் என்ற வேறு கொழுப்பு மாத்திரை. இன்றுவரை தொந்தரவு இல்லை.

உசிலம்பட்டி மருந்தாளுநர்:
தைராய்டு குறைந்தால் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை எடுப்பது மந்தமாகும், கொழுப்பு ஏறும். அதே குறைவு தசையையும் நோகவைக்கும். அதன்மேல் ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரை சேர்ந்தால் தசை பாதிக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் ஸ்டாட்டின் தொடங்கும் முன்பே டிஎஸ்எச் பார்க்க வேண்டும். சிறுநீர் கறுப்பு காபி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், சிறுநீரகம் கெட்டுவிடலாம். சரி, தைராய்டு மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள்?

திருமங்கலம் தையல்காரி:
காலையில் எழுந்ததும், கால்சியம் மாத்திரையும் சேர்த்து. உடனே காபி. டிஎஸ்எச் பார்த்து ஒன்றரை வருடம் ஆகிறது.

உசிலம்பட்டி மருந்தாளுநர்:
அம்மா, கால்சியம் தைராய்டு மருந்தைக் குடலில் சரியாக ஏறவிடாது. நடுவில் 4 மணி நேரம் வேண்டும். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும். காபி அரை மணியாவது கழித்து. இதை டாக்டரிடமும் மறக்காமல் சொல்லுங்கள், தெரியாமல் அளவைக் கூட்டிவிடுவார்கள்.

திருமங்கலம் தையல்காரி:
இன்று ரிசல்ட் வந்தது. டிஎஸ்எச் 26, சிபிகே 640. கொழுப்பு மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார். 75 அப்படியே இருக்கட்டும், கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள் என்றார். சிறுநீர் நிறம் சரியாகத்தான் இருக்கிறது. 6 வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். மேலூர் தங்கச்சி, உங்களுக்கு எத்தனையாவது வாரத்தில் கை ஊன்றாமல் எழ முடிந்தது?