பூக்கட்டிப் பார்ப்பது ஒரு தடவையா, மூன்று தடவையா?

நந்தியாவட்டை:
வரன் பார்ப்பது பற்றிய இழையில் காங்கயத்தான் எழுதியது இது: "பூக்கட்டிப் பார்ப்பவர்கள் மூன்று முறை எடுக்க வேண்டும். மூன்றில் இரண்டு எது வருகிறதோ அதுதான் சாமி உத்தரவு. ஒரு தடவை எடுத்துவிட்டு எழுந்து வருவது அரைகுறை." இதற்கு நாலு பேர் நன்றி வேறு சொல்லியிருக்கிறார்கள். பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் வைத்து, குழந்தையை ஒன்று எடுக்கச் சொல்வதுதான் பூ கேட்பது. வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். அது ஒரு தடவை. ஒரு கேள்வி, எடுப்பது ஒரு பொட்டலம், ஒரு பதில். இரண்டாவது தடவை கை நீட்டினால் முதல் பதிலை நம்பவில்லை என்றுதானே அர்த்தம்?

முதலில் எப்போது கேட்பது என்று தெரிய வேண்டும். விசாரிக்க வேண்டியதை எல்லாம் விசாரித்து, இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போதுதான் பூ. பையனுக்குக் கடன் இருக்கிறதா, குடிக்கிறானா என்று ஆள் விட்டுக் கேட்காமல் சாமி தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் மனை வாங்கலாமா என்று கேட்பதும் அதே ரகம். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பது டாக்டரிடம் கேட்கிற கேள்வி. அப்புறம், எந்தப் பூ வந்தாலும் அதன்படி நடக்க முடிகிற நிலையில் கேட்க வேண்டும். மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, பத்திரிகையும் அடித்துவிட்டு வந்து நிற்பவருக்குச் சிவப்பு வந்தால் என்ன செய்வார்? "இன்னொரு தடவை பார்க்கலாம்" என்பார். மூன்று முறை என்கிற வழக்கம் முளைத்த இடம் அதுதான்.

காங்கயத்தான்:
வந்துட்டாருய்யா வாத்தியார். ஏலம்கூட ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்றுதான் முடியும். கல்யாண விஷயத்துக்கு ஒரு தரம் போதுமாம். கொங்கு நாட்டில் பூ கேட்கிற வழக்கம் எத்தனை தலைமுறையாக இருக்கிறது என்று தெரியுமா உங்களுக்கு? மூன்று முறைதான்.

நந்தியாவட்டை:
ஏலத்தில் மூன்று தரமும் ஒரே விலையைத்தான் கூவுகிறார்கள். தரத்துக்கு ஒரு விலை வந்தால் ஏலம் இன்னும் முடியவில்லை. உங்கள் உதாரணமே என் பக்கம் பேசுகிறது. ஒரு தடவை.

வடக்குரதவீதி:
எத்தனை தடவை என்று சண்டை போடுகிறீர்கள், பொட்டலம் சரியாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக்கு மல்லிகை, சிவப்புக்குச் செவ்வரளி என்று கட்டினால் குழந்தையின் கை வாசனைப் பக்கம்தான் போகும். செம்பருத்தி வைத்தால் ஒரு பொட்டலம் மட்டும் உப்பித் தெரியும். வெள்ளரளி, செவ்வரளி இரண்டும் ஒரே அளவு, மணத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. பொட்டலத்துக்கு மூன்று பூ, எண்ணி வைக்க வேண்டும். கடையில் தண்ணீர் தெளித்த பூவை அப்படியே மடித்தால் சிவப்பு நிறம் காகிதத்தில் ஊறி வெளியே தெரியும். துணியில் ஒற்றி எடுத்த பிறகு மடிக்கணும். ஒரே வாழை இலையில் அடுத்தடுத்து நறுக்கிய துண்டு, ஒரே நூல், ஒரே முடிச்சு. ஒரு முடிச்சு சுருக்காகவும் இன்னொன்று இரட்டையாகவும் இருந்தால் கட்டியவருக்கு எது எதுவென்று தெரிந்துவிடும்.

கட்டியவர் குழந்தை எதிரில் நிற்கவே கூடாது. பெரியவர்கள் கண் எங்கே போகிறது என்று பார்த்துத்தான் குழந்தைகள் எடுக்கும். எடுத்ததைப் பிரித்த பிறகு மீதிப் பொட்டலத்தையும் எல்லோர் முன்னாலும் பிரியுங்கள். இரண்டிலும் வெள்ளை வைத்துக் கட்டுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அரளி விஷம், குழந்தை வாயில் வைக்காமல் கையைக் கழுவி விடுங்கள்.

தறிநாடா:
ஒரே கேள்வி என்றால் எது? வரன் அதே வரன், ஆனால் ஆவணியில் வேண்டாம் என்று வந்துவிட்டது, தையில் வைக்கலாமா என்று கேட்டால் அது புதுக் கேள்வியா, பழைய கேள்வியா? இதை முதலில் சொல்லுங்கள்.

சோழி:
பூவெல்லாம் வீட்டுப் பெண்களுக்கு. சோழி வைத்துப் பலன் பார்க்கிற முறையான பிரசன்னத்துக்கு வாருங்கள். அஷ்டமங்கலப் பிரசன்னத்தில் 108 சோழியை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் எட்டெட்டாகக் கழித்து மீதியை எடுப்பார்கள். 1 சூரியன், 2 செவ்வாய், 3 குரு, 4 புதன், 5 சுக்கிரன், 6 சனி, 7 சந்திரன், மீதியே இல்லையென்றால் 8, ராகு. ஒற்றைப்படை நல்லது, இரட்டைப்படை ஆகாது. மூன்று பங்கு என்பதைக் கவனிக்கவும். காங்கயத்தான் சொல்வதில் ஞாயம் இருக்கிறது.

வடக்குரதவீதி:
"வீட்டுப் பெண்களுக்கு" என்றால் என்ன அர்த்தம் ஐயா?

நந்தியாவட்டை:
சோழி, மூன்று பங்கும் சேர்ந்து வருவது மூன்று இலக்க எண் ஒன்று. முக்காலத்துக்கும் அதிலிருந்தே பலன் சொல்கிறார்கள். 108 சோழியையும் மறுபடி மறுபடி அள்ளி, மூன்றில் இரண்டு எது என்று பார்க்கிறார்களா? பிரச்ன மார்க்கம் 1649-ல் கேரளத்தில் எழுதப்பட்ட பிரசன்ன நூல், அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். போன ஆடியில் பல்லி விழும் பலனில் இடம் வலத்தை மாற்றி எழுதிவிட்டுக் கடைசிவரை திருத்தாதவர் நீங்கள்தானே?

சோழி:
அது தட்டச்சுப் பிழை என்று அன்றைக்கே சொன்னேன். இன்னும் அதையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பொட்டலம் வடக்குரதவீதி சொன்னபடி சரியாக இருந்தால் கணக்கு எளிது. ஒரு தடவை எடுத்தால் வெள்ளைக்குப் பாதி வாய்ப்பு. மூன்றில் இரண்டு என்று வைத்தாலும் அதே பாதிதான், ஒரு துளிகூட மாறாது. மூன்றும் வெள்ளை வந்தால்தான் சம்மதம் என்றால் எட்டில் ஒன்று. வெள்ளை வரும்வரை அதிகபட்சம் மூன்று தடவை எடுப்பேன் என்றால் எட்டில் ஏழு. ஊரில் பாதிப்பேர் செய்வது இந்தக் கடைசி ரகம்.

காங்கயத்தான்:
சாமி காரியத்தில் எட்டில் ஒன்று, எட்டில் ஏழு. கால்குலேட்டரைக் கர்ப்பகிரகத்துக்குள் கொண்டு போங்கள்.

காங்கயம் பக்கத்துச் சிவன்மலை முருகன் கோயில் தெரியுமா நந்தியாவட்டை அவர்களுக்கு? பக்தர் கனவில் வந்த பொருளைப் பூப்போட்டுக் கேட்டு, வெள்ளை வந்த பிறகுதான் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் வைக்கிறார்கள். எங்கள் மண்ணின் வழக்கம். எங்களுக்கே பாடம் எடுக்க வேண்டாம்.

நந்தியாவட்டை:
வெள்ளை வந்தால் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அடுத்த உத்தரவு வரும்வரை அதே பொருள் இருக்கும், இத்தனை நாள் என்று கணக்கே கிடையாது. இதில் மூன்று எங்கே வந்தது? மலையின் பெயரைச் சொல்லிவிட்டால் வாதம் ஆகிவிடுமா?

குழந்தை கையால் எடுப்பது எவ்வளவு பழைய முறை என்று உத்திரமேரூர் கல்வெட்டைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலம், 919, 921. ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்க 30 குடும்பு, அதாவது வார்டு. பெயர் எழுதிய ஓலைகள் இருக்கும் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது அறியாத சிறுவன் எடுக்க வேண்டும். ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிக்க முடியாதபடி. எடுத்த ஓலை எடுத்ததுதான். பிடிக்காத பெயர் வந்தால் மறுபடி குலுக்கு என்று அதில் இல்லை.

சோழி:
அது தேர்தல். சாமி உத்தரவு இல்லை. இடம் வலம் நான் மாற்றினேன், நீங்கள் விஷயத்தையே மாற்றுகிறீர்கள்.

காங்கயத்தான்:
சரி, சாமி சந்நிதிக்கே வருகிறேன். சபரிமலை மேல்சாந்தி, அதாவது தலைமை அர்ச்சகர், தேர்வு. ஒரு குடத்தில் பெயர்ச் சீட்டு. இன்னொரு குடத்தில் வெற்றுச் சீட்டுகள், அதில் ஒன்றில் மட்டும் மேல்சாந்தி என்று எழுதியிருக்கும். பந்தளம் அரண்மனைக் குழந்தைதான் எடுக்கும். பெயரும் மேல்சாந்திச் சீட்டும் சேருகிற வரை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். பல தடவை! ஐயப்பனே சம்மதிக்கிறார், நந்தியாவட்டை சம்மதிக்க மாட்டார்.

நந்தியாவட்டை:
ஒரு பெயருக்கு எத்தனை தடவை? ஒன்று. வெற்றுச் சீட்டு வந்த பெயரை மறுபடி குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்களா? நீங்கள் செய்யச் சொல்வது அதைத்தான். ஒரே வரனுக்கு, ஒரே நாளில், ஒரே சந்நிதியில் மூன்று தடவை. ஒரு தடவை. ஒரு தடவைதான்.

தறிநாடா:
ஆவணி, தை கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

வடக்குரதவீதி:
சோழி அவர்கள் எனக்கும் பதில் சொல்லவில்லை. சோழியை எட்டெட்டாகக் கழிக்கத் தெரிந்தவருக்கு, ஈரப் பூவைக் காகிதத்தில் கட்டினால் ஊறும் என்று தெரியுமா?

சோழி:
காகிதத்தில் கட்டுவதே தப்பு. வாழை இலை மட்டும்தான்.

காங்கயத்தான்:
வாழை இலை ஒரே இழுப்பில் கிழியும். எங்கள் பக்கம் காகிதம்தான். அதுவும் மூன்று முறை.

நந்தியாவட்டை:
இலையோ காகிதமோ, ஒரு தடவை. "மூன்றில் இரண்டு" என்று எழுதியதை வரன் இழையில் போய்த் திருத்துங்கள். அதை நம்பி இந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

காங்கயத்தான்:
திருத்த மாட்டேன்.