கணக்குக் கேட்க மக்கள் கூடிய இடத்தில் நடந்தது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

பால்மரத்துப் பேரன்

போர்க்கப்பல் விவகாரத்தில் மலேசிய நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கை 2022 ஆகஸ்டு மாதம் வெளிவந்தது உங்களுக்கு நினைவிருக்கும்: ஆறு கப்பல்களுக்கு 9 பில்லியன் ரிங்கிட், அதில் 6 பில்லியனுக்கு மேல் கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பல்கூட முடியவில்லை. அதைத் தமிழில் வாசித்துக் காட்டுவதற்காக, பேராக்கில் உள்ள எங்கள் தோட்டத்து நகரத்துக் கோயில் மண்டபத்தை நாங்கள் ஐந்தாறு இளைஞர்கள் கேட்டிருந்தோம். செயலாளரும் சம்மதித்தார். மாலையில் போனபோது மண்டபம் பூட்டியிருந்தது. செயலாளர் கைப்பேசியை எடுக்கவில்லை. வந்த முப்பது பேரையும் திருப்பி அனுப்ப மனமில்லாமல் வாசலிலேயே நின்று வாசித்தோம்.

என்னை இன்றும் உறுத்துவது அந்தப் பூட்டு அன்று. கூட்டத்தில் ஒரு பாட்டி இருந்தார். நாற்பது ஆண்டுகள் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். 2018 இல் நாட்டின் கடனும் பொறுப்புகளும் ஒரு டிரில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிவிட்டன என்று அறிவித்த அரசாங்கம் கடனை அடைக்க மக்களிடம் நன்கொடை திரட்டும் ஹராப்பான் நிதியைத் தொடங்கியபோது, தன் பேரனிடம் 50 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வங்கியில் கட்டச் சொன்னவர் அவர். "நான் கட்டுன காசு எந்தப் பக்கம் போச்சுன்னு யாரைக் கேக்கணும், தம்பி?" என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சாதாரண உடையில் இருவர் வந்தார்கள். ஒருவர் மலாயில் அவரிடம் அடையாள அட்டையைக் கேட்டார். பாட்டிக்குக் காது மந்தம். நான்தான் குனிந்து, "ஐ.சி. கேக்கறாங்க, குடுங்க பாட்டி" என்றேன். அவர் சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, வங்கிச் சீட்டோடு ஒட்டியிருந்த அட்டையைப் பிரித்தெடுத்துக் கொடுத்தார். அந்த மனிதர் அதன் இரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். அறிக்கையை வாசித்த என்னுடைய அட்டையை யாரும் கேட்கவில்லை.

ஈயக்குட்டை

என் அனுபவம் 2015 ஆகஸ்டு 29, தூய்மையான தேர்தல் கோரும் பெர்சே இயக்கத்தின் நான்காம் பேரணியான பெர்சே 4. அப்போதைய பிரதமர் நஜிப்பின் சொந்தக் கணக்கில் 2.6 பில்லியன் ரிங்கிட் சேர்ந்த செய்திக்குப் பிறகு நடந்தது அது. பெர்சேயின் அடையாளமான மஞ்சள் சட்டையை உள்துறை அமைச்சு தடை செய்திருந்ததால் நாங்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டையில்தான் வேனில் புறப்பட்டோம். ஆனால் தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு கட்டிய மஞ்சள் காப்பு அப்பாவின் மணிக்கட்டில் இருந்தது. சாலைத் தடுப்பில் அனைவரையும் இறக்கினார்கள். சோதித்த அதிகாரி தமிழர். அப்பா கையை மறைக்கவில்லை, நீட்டிக்கொண்டே நின்றார். அந்த அதிகாரி காப்பை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஐயா, முழுக்கைச் சட்டையா போட்டுக்குங்க" என்று மெல்லச் சொல்லி வேனைப் போகவிட்டார். எங்களைக் காப்பதற்காகச் சொன்னாரா, எச்சரித்துச் சொன்னாரா என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

முன்னாள் செயலாளர்

முதல் பதிவை எழுதிய தம்பிக்கு: பூட்டை ஒரு வரியில் கடந்து போய்விட்டீர்கள், ஆனால் படிப்பவர்கள் அந்தச் செயலாளரைக் கோழை என்றே நினைப்பார்கள். நான் வேறோர் ஊரில் பதினோரு ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தவன். எங்கள் கோயில் நிற்கும் நிலம் கோயிலுடையது அன்று. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) மக்கள் கூலியில் பிடித்த காசில் கட்டிய கோபுரம், நிலமோ தோட்ட நிறுவனத்துடையது. நிறுவனம் கைமாறிச் செம்பனைத் தோட்டமும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தால், உடைக்கச் சொல்லும் கடிதம் எந்த நாளும் வரலாம். இப்படி ஒரு கூட்டத்துக்கு மண்டபம் கொடுத்திருந்த அன்று எனக்கும் ஓர் அழைப்பு வந்தது. மிரட்டல் ஒன்றும் இல்லை. "நில மனு எந்த நிலையில் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்கள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். வெளியே பிள்ளைகள் நாற்காலிகளைத் திரும்ப அடுக்கும் சத்தம் என் வீடு வரை கேட்டது.

ஊழலைக் கேள்வி கேட்க மக்களுக்கு இடம் வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். தோட்டத்து மக்களுக்கு இடம் என்பது முதலில் நிலம். பேரணி நடத்த நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்ற, அமைதிப் பேரணிச் சட்டத்தின் 11 ஆம் பிரிவைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதாகப் பிரதமர் அன்வார் 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அறிவித்தபோது, எனக்கு அந்த நாற்காலிச் சத்தம்தான் நினைவுக்கு வந்தது.

ஓய்வுபெற்ற கிராணி

எனக்கு நேர்ந்தது சிறியது: புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நாட்டின் கடன் கணக்கைப் பகிர்ந்ததற்காக ஒருமுறை அழைத்து விசாரித்தார்கள், தேநீர் கொடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். ஆனால் இங்கே யாரும் நடைமுறையை எழுதவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

2012 ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டப்படி, மாவட்டக் காவல்துறைத் தலைவருக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். முதலில் 10 நாள், 2019 திருத்தத்துக்குப் பின் 5 நாள். அனுமதி வேறு, அறிவிப்பு வேறு. நம்மவர் பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, "பெர்மிட் கிடைக்கவில்லை" என்று தாமாகவே கூட்டத்தைக் கலைத்துவிடுகிறார்கள். அறிவிப்புக் கொடுக்காதவர்களுக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதித்த 9(5) ஆம் பிரிவு செல்லாது என்று 2025 ஜூலை 1 அன்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு, தம்பி வாசித்த அதே போர்க்கப்பல் விவகாரத்துக்காகக் கோலாலம்பூரில் கூடிய இளைஞர்களிடமிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனாலும் அறிவிப்புக் கொடுக்கும் கடமை நீங்கிவிடவில்லை. ஆகவே கொடுத்துவிடுங்கள், நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதிவுபெற்ற சங்கத்தின் பொதுக்கூட்டம், சமயக் கூட்டம், திருமண விருந்து ஆகியவற்றுக்கு அறிவிப்பே தேவையில்லை. எனவே ஒரு சங்கத்தைப் பதிவு செய்து, அதன் பொதுக்கூட்டத்தில் அறிக்கையை வாசிப்பது தக்க வழி.

வாசிப்பதற்கு முன் அந்த ஆவணம் பகிரங்கமானதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பொதுக் கணக்குக் குழுவின் அறிக்கையை யாரும் வாசிக்கலாம். அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் தணிக்கை அறிக்கையோ அரசாங்க இரகசியமாக இருந்தது. அதன் ஒரு பக்கத்தை வெளியிட்டதற்காக, அப்போது எதிர்க்கட்சியில் இருந்த ரஃபிசி ரம்லிக்கு 2016 இல் 18 மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். ஆட்சி மாறிய பிறகு 2018 இல்தான் அந்த இரகசிய முத்திரை நீங்கியது.

ஈயக்குட்டை

ஐயா, உங்கள் விவரங்கள் சரியாக இருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டி எந்தச் சங்கத்தில் உறுப்பினராகி, யாரிடம் முத்திரை வாங்கிவிட்டுத் தன் 50 வெள்ளியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்கிறீர்கள்? என் அப்பாவின் காப்புக்கு எந்தப் பிரிவில் விலக்கு இருந்தது? கூட்டம் நடத்துபவருக்குச் சொல்ல வேண்டியதைக் கேள்வி கேட்டவர் மீது ஏற்றாதீர்கள்.

பால்மரத்துப் பேரன்

செயலாளர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு எங்கள் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். பழையதை இருவருமே பேசவில்லை. காப்பி கொடுத்தார், குடித்தேன்.

அதற்குப் பிறகு பாட்டி வீட்டுக்கும் போனேன். அந்த மாலைக்குப் பிறகு அவர் கோயில் வாசல் பக்கம் வருவதில்லை. சாமியை வீட்டிலேயே கும்பிட்டுக்கொள்கிறார். கப்பல் வந்துவிட்டதா என்று கேட்டார். ஆறு என்றது ஐந்தாகக் குறைந்ததையும், 9 பில்லியன் என்றது 11.2 பில்லியனாக உயர்ந்ததையும், 2024 மே மாதம் முதல் கப்பலை நம் லூமுட்டில் நீரில் இறக்கியதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தத் தம்பி என் ஐ.சி.யைப் படம் புடிச்சானே, அதை அழிச்சுட்டானாய்யா?" என்றார்.